அந்த 30 படிகளையும் ஏறுவோம்!

(சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வி.டி. ஸ்டேஷன் என்று நாம் இன்றும் சொல்லுகிறோமே, அங்கிருந்து கோட்டைப் பக்கம் 15 நிமிடம் நடந்தால் ஹார்னிமன் சர்க்கிள். அதன் எதிரே பெரிய தூண்களோடு ஒரு வெள்ளைக் கட்டடம். அதுதான் டவுன் ஹால். நம்மில் எத்தனையோ பேர் அன்றாடம் அதைக் கடந்து போகிறோம். பாங்கில் பெருக்குகிறவர் போகிறார். பார்சல் தூக்குகிறவர் போகிறார். எங்களைப் போன்ற ரயில்வே குமாஸ்தாக்கள் போகிறோம். கால் வலித்தால் அந்தப் படியிலே உட்கார்ந்து இளைப்பாறியும் இருக்கிறோம். ஆனால் 30 படிகளையும் ஏறி உள்ளே போனவர்கள் யார்? கை தூக்குங்கள் என்றால் இந்தக் கூட்டத்தில் எத்தனை கை உயரும்?

உள்ளே இருப்பது ஏஷியாட்டிக் சொசைட்டியின் நூலகம். 1804-ல் ஜேம்ஸ் மக்கின்டாஷ் என்ற வெள்ளைக்கார நீதிபதி தொடங்கிய சங்கம் அது. கட்டடம் முடிந்தது 1833-ல். லட்சத்துக்கு மேற்பட்ட நூல்கள் அங்கே இருக்கின்றன. 1882-ல் பகவான்லால் இந்திரஜி என்ற அறிஞர் சோபாராவில் தோண்டி எடுத்த பௌத்தப் பேழையும் இருக்கிறது. எந்த சோபாரா? நம் ஆட்கள் தினமும் மூச்சுத் திணறி வந்து இறங்கும் நாலாசோபாராதான்! நாம் குடியிருக்கும் மண்ணின் கதை அங்கே இருக்கிறது. நமக்குத்தான் தெரியாது.

ஆரம்பத்தில் அங்கே இந்தியர்களுக்கு இடமில்லை. மானெக்ஜி கர்செட்ஜி என்ற பார்சிக்காரர் 1840-ல் உறுப்பினர் ஆனார். அதற்கு 36 ஆண்டுகள் பிடித்தன. தோழர்களே, எந்தக் கதவும் தானாகத் திறப்பதில்லை. யாரோ ஒருவர் தட்ட வேண்டியிருக்கிறது.

இன்று அங்கே தர்பார் ஹாலில் பொது உரைகள் நடக்கின்றன. ஊர் வரலாறு, கல்வெட்டு, நாணயம் பற்றிப் பேசுகிறார்கள். புதிய நூல் வந்தால் எழுதியவரே வந்து பேசுவதும் உண்டு. பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. உறுப்பினராக இல்லாதவரும் போய்க் கேட்கலாம்.

"வாடகைக்கே வழியில்லை, நமக்கு எதற்கு உரையும் நூலும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

தாராவியில் வீட்டுக்கு வீடு என்ன கேட்டார்கள்? "எந்த வருடத்திலிருந்து இங்கே இருக்கிறாய்? காகிதம் எங்கே?" 2000 ஜனவரி 1-க்கு முந்தியவருக்கு ஒரு கணக்கு, பிந்தியவருக்கு வேறொரு கணக்கு. சேற்றைத் தூர்த்து நிலமாக்கியவர் நம் பாட்டனார். ஆனால் அதை எழுதி வைத்தவர் யார்? அங்கே குடியிருந்தோம் என்பது எழுத்தில் இல்லையென்றால் குடியிருந்ததாகவே கணக்கில்லை. வரலாறு படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்தோம். அது நம் கூரையைப் பற்றிய சங்கதி!

பஞ்சாலைத் தோழர்களைப் பாருங்கள். 1982 ஜனவரி 18-ல் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் வெளியே வந்தார்கள். ஆலைகள் போயின, இன்று அங்கே மால்கள் நிற்கின்றன. ஆனால் மீனா மேனன், நீரா அடார்கர் என்ற இருவர் தொழிலாளிகளிடமே போய்க் கேட்டு அவர்கள் வாய்மொழியை நூலாக்கினார்கள். 'நூறு ஆண்டுகள், நூறு குரல்கள்' என்பது அதன் பெயர், வெளிவந்தது 2004-ல். ஆலை போனது, குரல் போகவில்லை.

எங்கள் அனுபவம் ஒன்றையும் சொல்லுகிறோம். இந்த நகரத்தில் வேறோர் அரங்கு, பெயர் வேண்டாம். தாராவியைப் பற்றி ஒரு நூலாசிரியர் பேசுகிறார் என்று கேள்விப்பட்டு நாலு பேர் போனோம். வாசலில் காவலாளி, "டெலிவரியா? பின்பக்கம் போ" என்றார். அவர்மேல் கோபமில்லை. அவரும் நம்மைப் போல் வயிற்றுப் பிழைப்புக்கு வந்தவர்தான். "பேச்சுக் கேட்க வந்தோம்" என்று சொல்லி உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். பேசியவர் சந்து பொந்துகளின் படங்களைக் காட்டினார், குப்பையைக் காட்டினார். பாதி ஆங்கிலம் புரிந்தது, பாதி புரியவில்லை. முடிவில் "கேள்வி உண்டா?" என்றார். எங்களோடு வந்த தோல் ஷெட்டுப் பெரியவர் எழுந்து, தமக்குத் தெரிந்த இந்தியில், "குப்பையைக் காட்டினீர்கள். அந்தக் குப்பையைக் கொட்டித்தான் கழியை மேடாக்கினோம். அதையும் எழுதினீர்களா?" என்று கேட்டார். சபை திரும்பிப் பார்த்தது. பேசியவர் மேடையை விட்டு இறங்கி வந்து, பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டார். நாம் அங்கே போகாதிருந்தால் குப்பை மட்டும்தான் நூலில் நின்றிருக்கும்.

ஆகவே மூன்று காரியங்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, மாதம் ஒரு பொது உரைக்கு முறை வைத்து ஐந்து பேர் போவது. அதில் ஒரு பெண்ணும் கல்லூரியில் படிக்கும் ஒரு பிள்ளையும் கட்டாயம் இருக்க வேண்டும். கேட்டு வந்ததை அடுத்த ஞாயிறு இங்கே தமிழில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய ரேஷன் கார்டு, கடிதம், சங்க நோட்டீஸ், கல்யாணப் போட்டோ எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து ஓரிடத்தில் சேர்ப்பது. அசல் உங்களிடமே இருக்கட்டும். சேர்ந்த பிறகு நூலகங்களை அணுகி, "இதுவும் மும்பையின் வரலாறு, வைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்போம்.

மூன்றாவது, உழைப்பவர் வரக்கூடிய நேரத்தில், மராத்தியிலும் இந்தியிலும் உரைகளைக் கூட்டும்படி நூலகங்களுக்கு மனுக் கொடுப்பது. இது நம் ஒருவருக்காக மட்டுமல்ல. மராத்தித் தொழிலாளிக்கும் பீகார்த் தொழிலாளிக்கும் சேர்த்துக் கேட்கிறோம்.

நாங்கள் மெட்ரிக் தாண்டாதவர்கள். பெரிய ஹாலுக்குள் நுழைய எங்களுக்கும் கால் கூசியது. முதல் படிதான் கஷ்டம், மீதி 29 படிகள் சுலபம். வருகிற சனிக்கிழமை மாலை டவுன் ஹால் படியடியில் காத்திருப்போம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.