பொய்யினிப்பும் மெய்ப்பசியும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பருமனுக்கும் நீரிழிவுக்கும் அஞ்சிச் சர்க்கரைக்குப் பதிலாக இனிப்பு மாத்திரை இடும் வழக்கம் இந்நாளில் நம் இல்லங்களிலும் புகுந்துள்ளது. அம்மாத்திரை பசியை மிகுவிக்குமா, எடையைக் குறைக்குமா என்பதுபற்றிச் சில சொல்ல விரும்புகின்றேன்.

இப்பொய்யினிப்பு புதியதன்று. 1879-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ரெம்சன் என்னும் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் உழைத்த பால்பெர்க் என்பார் சாக்கரினின் இனிப்பை அறிந்தார். சர்க்கரை கிராம் ஒன்றுக்கு 4 கலோரி தரும். சாக்கரினோ நாவை இனிப்பித்து, உடலுக்கு ஆற்றல் ஒன்றும் தாராது கழியும்.

நா ஏமாறினும் வயிறு ஏமாறுமோ? 2008-இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார், சாக்கரின் கலந்த தயிரைச் சில எலிகளுக்கு ஊட்டினர். குளுக்கோஸ் கலந்த தயிர் உண்ட எலிகளைவிட அவை மிகுதியாக உண்டு கொழுத்தன. இனிப்புக்கும் ஆற்றலுக்கும் உள்ள தொடர்பு அறுந்ததால் உடலின் கணக்குத் தவறிற்று என்பது அவர்கள் கருத்து.

நிற்க. எலிக்கு உற்றது மனிதர்க்கும் உறும் என்று துணிதல் தகாது. நெதர்லாந்து நாட்டில் 641 சிறார்க்கு நாள்தோறும் 250 மில்லிலிட்டர் பானம் பதினெட்டுத் திங்கள் அளித்தனர். ஒரு சாரார்க்குச் சர்க்கரைப் பானம். மறு சாரார்க்குக் கலோரியற்ற இனிப்புப் பானம். தாம் பருகுவது எது என்பதை அவர்கள் அறியார். வளரும் பருவத்தினராதலின் இருசாராரும் எடை கூடினர். எனினும் முன்னவர்க்குச் சராசரி 7.37 கிலோவும், பின்னவர்க்கு 6.35 கிலோவுமே கூடின. இம்முடிவு 2012-இல் வெளிவந்தது.

அவ்வாறாயின் மாத்திரை நல்லதேயன்றோ எனின், அதுவும் முழுமையன்று. 2023-இல் உலக சுகாதார நிறுவனம் பல ஆராய்ச்சிகளையும் ஒருங்கே நோக்கிற்று. குறுகிய காலத்தில் எடை சிறிது குறைதல் உண்டு; நெடுங்காலம் தொடர்ந்து நோக்கியவற்றில் அந்நலம் புலப்படவில்லை. ஆதலின் எடையைக் குறைக்கும் பொருட்டு இவற்றை நாடவேண்டா என்று அறிவுறுத்திற்று. பருத்தோரே இவற்றை மிகுதியும் நாடுவராதலின், காரணம் எது, காரியம் எது என்று பிரித்தறிதல் அரிது என்பதையும் அது மறைக்கவில்லை. முன்னரே நீரிழிவுடையார்க்கு இவ்வறிவுரை உரியதன்று. அவர்கள் தத்தம் மருத்துவர் சொற்படி நடத்தலே முறை.

என் அனுபவத்தையும் நாணாது கூறுவேன். ஈராண்டுகள் காப்பியில் மாத்திரையே இட்டேன். ஆயினும் மூன்று கிலோ ஏறினேன். காரணத்தை என் மனைவியாரே கண்டார். “காப்பியில் துறந்ததை இலையில் வாங்கிக்கொள்கிறீர்களே!” என்றார். சர்க்கரையைத் துறந்தோம் என்னும் செருக்கால், விருந்துதோறும் இரண்டாம் ஜாங்கிரிக்குக் கை நீட்டினேன். மூன்று வேளைக் காப்பியில் மிஞ்சியதை ஒரு ஜாங்கிரி விழுங்கிவிடும். என் பிழையை மாத்திரையின்மேல் ஏற்றுதல் நீதியன்று.

ஆகவே, அன்பர்களே, மாத்திரை நஞ்சுமன்று, அமிழ்துமன்று. சர்க்கரையை நீக்கிய இடத்தை வேறொன்றால் நிரப்பாதவர்க்கே அது துணையாகும். அதனினும் மேலான வழி, நாவையே சிறிது சிறிதாகக் குறைந்த இனிப்பிற்குப் பழக்குதல். அப்பழக்கத்தை நம் குழந்தைகளிடமிருந்து தொடங்குவோமாக.