முப்பத்தாறில் ஒரு பங்கு

(நமது சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"ஊருக்குப் போய்விட்டு வந்தீர்களே, அதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கள்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். வங்கியில் 34 வருஷம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவனுக்கு, எதிரே நிற்பவர் பேசக் கேட்டுத்தான் பழக்கம். தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனது காரைக்குடிக்கு, நான்கே நாள். மாலையில் எழும்பூரில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் இரவு ஊரில் இறங்கிவிடலாம். போன காரணம் இரண்டு. ஒன்று பிள்ளையார் நோன்பு. இன்னொன்று, எங்கள் பூர்வீக வீட்டை விற்பதா வைத்திருப்பதா என்று பங்காளிகள் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.

செட்டிநாட்டு வீடுகளை நீங்கள் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர். பார்க்கிறவர்கள் அரண்மனை என்பார்கள். எனக்கு அது நம் அபார்ட்மெண்ட் மாதிரிதான் தோன்றும். சிரிக்காதீர்கள், காரணம் சொல்கிறேன்.

நடுவில் வானம் பார்த்த முற்றம், அதுதான் வளவு. அதைச் சுற்றிலும் வரிசையாக அறைகள். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அவனுக்கென்று ஓர் அறை. கொஞ்ச நாளில் 'வேறு வைப்பார்கள்'. அதாவது அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் கொடுத்துத் தனி அடுப்பு மூட்ட வைப்பார்கள். கூரை ஒன்று, உலை வேறு. புதுப் பெண் சொந்தமாகக் குடும்பக் கணக்குப் பார்க்கப் பழகுவது அங்கேதான். அவரவர் அறை அவரவருக்கு. முகப்பு, வளவு, கிணறு, சாமி வீடு எல்லாருக்கும் பொது. நம் ஒவ்வொருவர் பத்திரத்திலும் 'பிரிக்கப்படாத பங்கு', யூ.டி.எஸ். என்று ஒரு வரி இருக்கிறதே, அதை எங்கள் ஊரில் பத்திரம் இல்லாமலே நூறு வருஷத்துக்கு முன்பு நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

வீட்டைக் கட்டியவர் என் பாட்டையா, அதாவது அய்யாவின் அப்பச்சி. (அய்யா எங்கள் பக்கம் தாத்தா, அப்பச்சி அப்பா.) பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போய்ச் சம்பாதித்த பணம். அந்தக் காலத்தில் பெட்டிக்கடைக்குப் போகிற ஏஜெண்டுக்குப் பெரும்பாலும் மூன்று வருஷத் தவணை. அது முடிந்தால் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பலாம். வீட்டுக்கு வருகிற தேதி ஒப்பந்தத்திலேயே இருக்கும்.

பிறகு நடந்தது ஒரு பெரிய வாராக்கடன் கதை. கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. நெல் விலை விழுந்தது, கடன் வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை, ஈடு வைத்த நிலம் கைக்கு வந்தது. 1938-ல் அதுவே நூற்றுக்கு 25 பங்கு ஆனது. நிலம் வந்து என்ன? பணம் வரவில்லையே. 1942-ல் ஜப்பான்காரன் வந்தான். 1948-ல் பர்மா சுதந்திரம் பெற்றதும் நில உடைமைச் சட்டம் வந்தது. ஐந்தொகையில் சொத்துப் பக்கம் காலியாயிற்று. ஊரில் கட்டிய வீடு மட்டும் மிச்சம்.

பாட்டையாவுக்கு மூன்று மகன்கள். அவர்களில் ஒருவரான என் அய்யாவுக்கு மூன்று மகன்கள். என் அப்பச்சிக்கு நாங்கள் நான்கு பேர், பெண்களையும் சேர்த்து. பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை என்று தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுக்க 2005-லும் சட்டம் வந்ததே, அதற்கு முன்னால் இந்தக் கணக்கு வேறு மாதிரி இருந்திருக்கும். ஆக, என் பங்கு முப்பத்தாறில் ஒன்று. நூறு ரூபாய்க்கு 2 ரூபாய் 78 காசு. இன்று அந்த வீட்டை விற்கப் பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் சிங்கப்பூர், டல்லாஸ், கோயம்புத்தூர், அம்பத்தூர் என்று இருக்கிறார்கள்.

வீட்டில் இருப்பது ஒரே ஒருவர். பெரியப்பச்சி மகனின் மனைவி, எனக்கு அண்ணமிண்டி. வயது 76. முழங்கால் வலியோடு தினமும் வளவைக் கூட்டிக் கோலம் போடுகிறார். அண்ணன் போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

நோன்பன்று முப்பது பேர் கூடிவிட்டோம். திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள் வருகிற நோன்பு இது. 21 இழை நூலைத் திரியாக்கி, இனிப்பு மாவில் வைத்து, நெய் தொட்டு ஏற்றுவார்கள். வீட்டின் மூத்தவர் எடுத்துக் கொடுக்க, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். டல்லாஸிலிருந்து வந்த எட்டு வயதுப் பேத்தி முதலில் தூணுக்குப் பின்னால் ஒளிந்தாள். அண்ணமிண்டி கூப்பிட்டு, "வாயை மூடுனா தீ தானா அணைஞ்சிரும் ஆத்தா" என்றார். போட்டுக்கொண்டாள். பிறகு இன்னொன்று கேட்டாள்!

மறுநாள் காலை பட்டாலையில் பாய் விரித்துப் பேச்சு. சிலர் வீடியோவில். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் மகன் நேராகவே சொன்னான்: "சித்தப்பா, வருஷா வருஷம் மராமத்துக்குப் போடுற பணம் திரும்பி வராது. இதை முதலீடுன்னு சொல்ல முடியாது." கணக்கு சரிதான். காமர்ஸ் படித்த நான் அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு வியாபாரி வந்து பார்த்துப் போயிருக்கிறார். அவருக்கு வீடு வேண்டாம். தூண், நிலைக்கதவு, உத்தரம் இவைதான் வேண்டும். பக்கத்துத் தெருவில் அப்படிப் போன ஒரு வீட்டின் திண்ணை மட்டும் நிற்கிறது. அதன் மேல் ஆடு படுத்திருந்தது.

வீட்டை வீடாக வாங்கி ஓட்டல் நடத்துகிறவருக்குக் கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. யாரோ விளக்கேற்றுவார்கள். செட்டிநாட்டு ஊர்களை 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் வேறு சேர்த்திருக்கிறார்கள். கழற்றி விற்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் உண்டு. அன்று சாயங்காலம் அங்கே போனேன். எனாமல் தூக்குச்சட்டிகள், மரப்பெட்டிகள், கண்ணாடி போட்ட குடும்பப் படங்கள். சீர்ப் பாத்திரங்களில் பெண் வீட்டு விலாசத்தை வெட்டிக் கொடுப்பது எங்கள் வழக்கம். அந்த எழுத்துகள் அப்படியே இருக்கின்றன, பக்கத்தில் விலைச்சீட்டு.

கூட்டத்தில் எல்லாரும் பேசி முடித்த பிறகு அண்ணமிண்டி சொன்னார்: "விக்கிறதுன்னா வித்துக்கங்க தம்பி. நான் கோயமுத்தூருக்கு மககிட்டப் போயிருவேன். வைக்கிறதுன்னா வந்து இருங்க. பூட்டி மட்டும் போடாதீங்க. பூட்டுன வீட்டுல மழைத்தண்ணி எங்கன எறங்குதுன்னு யாரு பாப்பா?"

அவர் சொன்னது உணர்ச்சிவசப்பட்ட பேச்சில்லை, மராமத்துக் கணக்கு. மாடியில் ஓர் ஓடு நகர்கிறது, அல்லது தூம்பில் இலை அடைக்கிறது. வீட்டில் ஆள் இருந்தால் மறுநாளே ஏறி எடுத்துவிடலாம். இல்லையென்றால் ஐப்பசி முழுக்கத் தண்ணீர் நின்று சுண்ணாம்புச் சுவரில் இறங்கும். அடுத்த வருஷம் உத்தரத்தின் நுனி உளுக்கும், கறையான் வரும். நாலு மழைக்காலம் போதும். பர்மாவை இழந்தும் நின்ற வீடு ஒரு கூடை இலையால் போகும். நம் மொட்டைமாடியிலும் நிலைமை அதுதான், பராமரிப்புக் குழுவினர் கோபிக்க வேண்டாம்.

பழைய நண்பர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பி.காம். படித்தது அழகப்பா கல்லூரியில். 1947-ல் தொடங்கியது. அழகப்பச் செட்டியார் அடுத்து 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடம் எங்கள் ஊருக்கு வந்தது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள். அந்த வளாகத்துச் சுற்றுச்சுவரை ஒட்டித்தான் நாங்கள் ஆறு பேர் சைக்கிளில் போவோம். இப்போது நான்கு பேர். கொப்புடையம்மன் கோயில் பக்கம் ஒரு காப்பிக்கடையில் மூன்று பேர் கூடினோம். நான்காமவனுக்குச் சர்க்கரையால் பார்வை போய்விட்டது, அவன் வீட்டுக்கே போனோம். நான் வாசலில் செருப்பைக் கழற்றியதுமே, "யாருடா, இன்னும் காலைத் தேய்ச்சுத்தான் நடக்கிறியா?" என்றான். ஒன்றரை மணி நேரம் பேசினோம், பாதி வாத்தியார்களைப் பற்றி. கிளம்பும்போது, "அடுத்த தடவை வரேன்" என்றேன். "தேதி சொல்லு" என்றான். சொல்கிற வரை கையை விடவில்லை. பாட்டையா காலத்தில் கடல் தாண்டிப் போனவருக்கே திரும்பும் தேதி இருந்தது. ஒரு ராத்திரிப் பயண தூரத்தில் இருக்கிற நமக்கு அது இல்லை.

கடைசி நாள் இன்னொரு முறை உட்கார்ந்தோம். தேதிப் பேச்சை நான்தான் எடுத்தேன். பத்தொன்பது பங்காளிகளும் வருஷத்துக்கு ஒரு வாரம், முறை வைத்து வந்து வீட்டில் தங்க வேண்டும். வர முடியாதவர் தன் வாரத்துக்குக் கூலியாள் சம்பளமும் மராமத்துத் தொகையும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஓடு மாற்றும் வேலை உடனே தொடங்க வேண்டும். பேரேடு என் பொறுப்பு. பதினான்கு பேர் சம்மதித்துவிட்டார்கள். ஆச்சரியம், சிங்கப்பூர்க்காரன் முதல் ஆளாகப் பணம் அனுப்பினான், "இது முதலீடு இல்லை" என்று குறிப்பும் எழுதி. ஐந்து பேரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. சித்திரை வரை பார்ப்பதாக அண்ணமிண்டி சொல்லியிருக்கிறார். அதற்குள் அந்த ஐந்து பேரும் ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர் கோயம்புத்தூர் போவார், வியாபாரி மறுபடி வருவார்.

என் முறை பங்குனியில் முதல் வாரம். நண்பனுக்குச் சொன்ன தேதியும் அதுதான். நம் குடியிருப்பிலிருந்து யாராவது கூட வர விரும்பினால் சொல்லுங்கள். மாடியில் எட்டுப் பேர் தாராளமாகப் படுக்கலாம். கவுனி அரிசியும் வெள்ளைப் பணியாரமும் அண்ணமிண்டி செய்து போடுவார். மேல்நாட்டு முறைக் கழிப்பறை மட்டும் ஒன்றே ஒன்று, அதற்கு விடியற்காலை நாலரைக்கே வரிசை தொடங்கிவிடும்.