தொட்டிக்குள் அடங்குமா கடல்?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சூளையைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச வந்தது டால்பினைப் பற்றி. விருத்தாசலத்துக்கும் டால்பினுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று பின்வரிசை நண்பர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. சம்பந்தம் இருக்குங்க.

ஓங்கில் என்று தமிழில் சொல்கிறோமே, அந்த டால்பின் கண்ணைவிடக் காதை நம்பி வாழும் பிராணி. ஒலி எழுப்பி, பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டே இரையையும் வழியையும் அறிந்துகொள்ளும். அந்த ஒலியைக் கேட்க விஞ்ஞானிகள் கடலுக்குள் இறக்கும் மைக்கில் இருப்பது பெரும்பாலும் ஒரு செராமிக் துண்டுதான். ஈய சிர்கோனேட் டைட்டனேட்; அழுத்தினால் மின்சாரம் தரும் பீங்கான். டால்பின் பேச்சை மனிதனுக்குக் கேட்க வைத்ததில் நம்ம சரக்குக்கும் பங்கு உண்டு!

காதால் வாழும் அந்தப் பிராணியை நாலு சுவருக்குள் அடைத்துப் பாட்டுப் போட்டு, கைதட்டி, வளையம் தாண்ட வைக்கிறார்கள். அது எங்கிருந்து வருகிறது தெரியுமா?

ஜப்பானில் தைஜி என்று ஓர் ஊர். ஆண்டுதோறும் செப்டம்பரில் அங்கே வேட்டை தொடங்கும். படகிலிருந்து நீருக்குள் குழாயை விட்டுச் சுத்தியலால் தட்டுவார்கள். சத்தத்துக்குப் பயந்து கூட்டம் கூட்டமாகக் குடாவுக்குள் ஓடிவரும். வலை போட்டு மறித்து, காட்சிக்கு ஏற்றதைப் பொறுக்கிக்கொண்டு, மற்றவற்றில் பலவற்றை இறைச்சிக்குக் கொல்வார்கள். கறியைவிட உயிரோடு விற்பதில் பல மடங்கு பணம். 2009-இல் வந்த 'தி கோவ்' ஆவணப்படம் இதை உலகுக்குக் காட்டியது. அதில் வரும் ரிக் ஓபாரி, 1960-களில் 'ஃபிளிப்பர்' தொடருக்காக டால்பின்களைப் பழக்கியவர். பழக்கியவரே பிறகு விடுவிக்கச் சொல்லிப் போராடினார்.

நம் ஊரிலும் நடந்ததுதான். 1990-களின் இறுதியில் சென்னைக்கு அருகே ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் பல்கேரியாவிலிருந்து டால்பின்களைக் கொண்டுவந்தார்கள். ஆறு மாதத்துக்குள் செத்துப்போயின. பின்னாளில் கொச்சி போன்ற இடங்களில் டால்பின் பூங்கா அமைக்கப் பேச்சு எழுந்தபோது, விலங்குநல அமைப்புகள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தன. 2013 மே 17 அன்று மத்திய விலங்குக் காட்சியக ஆணையம், இத்தகைய பூங்காக்களை அனுமதிக்கக் கூடாது என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. டால்பினை 'மனிதரல்லாத நபர்' என்று கருத வேண்டும் என அறிஞர்கள் சொல்வதையும் அதில் எடுத்துக்காட்டினார்கள். சாதாரண மக்கள் குரல் கொடுத்துக் கிடைத்த வெற்றி இது.

ஆனால் சட்டம் நாட்டின் எல்லையோடு நின்றுவிடும். சிங்கப்பூர் கேளிக்கை மையம் ஒன்றுக்காக 2008, 2009-இல் சாலமன் தீவுக் கடலில் 27 டால்பின்களைப் பிடித்தார்கள். சிங்கப்பூர் போய்ச் சேருமுன்பே மூன்று இறந்தன. நம்மில் எத்தனை பேர் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறோம்! விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது நாம்தானே?

"பிள்ளைங்க சந்தோஷப்படுதேப்பா" என்பீர்கள். நியாயம்தான். மன்னார் வளைகுடாவில் டால்பின் சொந்த வீட்டில் துள்ளுவதைக் காட்டுங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் தெரியும், இல்லாவிட்டால் கடலையாவது பார்த்துவிட்டு வரலாம். தொட்டியில் பார்க்கும் பிள்ளை டால்பினைத் தெரிந்துகொள்வதில்லை. அடைத்து வைப்பது தப்பில்லை என்பதைத்தான் தெரிந்துகொள்கிறது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கே வெளிநாட்டு வேலையில், அப்படி ஒரு தொட்டிக்கு டைல்ஸ் கேட்டு உங்கள் மேசைக்கு ஆர்டர் வரலாம். நல்ல ஆர்டராகவும் இருக்கும். அன்றைக்குக் கையெழுத்துப் போடுமுன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். அதே கையால் கடலின் ஒலியைக் கேட்கும் செராமிக்கையும் செய்யலாம். எதைச் செய்வது என்பது உங்கள் கையில்.