போட்டிக்கு வரையும் முன்… (இளைஞர் சந்திப்பில் பேசியது)

குடியிருப்புப் பகுதியைப் புதுப்பிக்கும் வடிவமைப்புப் போட்டிக்கு நம்ம தம்பி, தங்கைகள் பெயர் கொடுத்திருக்கீங்க, சந்தோஷம்!

ஒரு கதை கேளுங்க. 1976, மணிலா. தோண்டோ குடிசை மக்களுக்காக உலக அளவில் இதே மாதிரி போட்டி. நியூசிலாந்துக் கட்டடக் கலைஞர் இயன் ஆத்ஃபீல்டு ஜெயித்தார். அருமையான வரைபடம். ஆனா கட்டவே இல்லை. போட்டி கேட்டது வேறிடத்தில் புதுக் குடியிருப்பு. மக்கள் கேட்டதோ, இருக்கிற இடத்திலேயே நில உரிமை!

அதனால, கம்ப்யூட்டர்ல மரமும் வெயிலும் போடறதுக்கு முன்னாடி (நானும் இன்ஜினியரிங்தான், அந்த ஆசை தெரியும்) தெருவுக்குப் போங்க. இஸ்திரி வண்டி எங்க நிக்குது, தண்ணி லாரி எங்க திரும்புது, வாடகைக்கு இருக்கற அக்காவுக்கும் வீடு உண்டா? கடைசிக் கேள்விக்குப் போட்டி விதிமுறையில பதில் இல்லைன்னா, முதல்ல அதை எழுதிக் கேளுங்க. வரைபடம் அப்புறம்.