பகலில் விழித்திருக்கும் ஆந்தை

ஆந்தை என்றாலே இருளை நினைக்கும் நமக்கு, மகாராஷ்டிரத்து மேல்காட் முதலிய சாத்புரா மலைச்சாரல் தேக்கங்காடுகளில், காலை வெயில் ஏறிய பின்னும் மொட்டைக் கிளையொன்றில் பகிரங்கமாக உட்கார்ந்து, வாலைப் பக்கவாட்டில் வெடுக்கென்று ஆட்டியபடி, ஓணானுக்காகக் காத்திருக்கும் காட்டுச் சிற்றாந்தை ஒரு விநோதப் பட்சியாகவே தோன்றும். உடல் நீளம் ஏறக்குறைய ஒரு சாண். நம்மூர்ப் புள்ளியாந்தையின் நெற்றியில் பளிச்சிடும் வெண்புள்ளிகள் இதற்கு மங்கல். அடிவயிறோ தூய வெண்மை.

1873இல் ஆலன் ஹ்யூம் சாஸ்திர உலகுக்கு அறிமுகம் செய்த இந்த ஜீவன், 1884க்குப் பின் எவர் கையிலும் அகப்படாமற் போகவே, பூண்டற்றுப் போயிற்றென்றே பலர் கருதினர். இதற்கிடையில் ரிச்சர்ட் மைனர்ட்ஸாகன் என்ற ராணுவக் கனவான், 1914இல் குஜராத்தில் தாமே பிடித்ததென்று பாடம் செய்த பறவையொன்றைக் காட்டியிருந்தார். அது அருங்காட்சியகத்தில் திருடிச் சீட்டு மாற்றிய பழைய சரக்கென்பதைப் பறவையியல் அறிஞர் பமீலா ராஸ்முசன் முதலியோர் துப்பறிந்தனர். பட்டாளத்து மிடுக்கோடு சொன்ன பொய்க்குத்தான் எத்தனை ஆயுள்! அந்தப் பொய் விலாசத்தை ஒதுக்கிவிட்டு, மெய்யான பழைய இடங்களைத் தேடிச் சென்ற ராஸ்முசனும் பென் கிங்கும் டேவிட் அபட்டும், 1997 நவம்பரில், மகாராஷ்டிரத்து ஷஹாதாவை அடுத்த காட்டில், பகல் வெளிச்சத்திலேயே அதைக் கண்டார்கள். பிற்பாடு மத்தியப் பிரதேசத்திலும், வேடிக்கையாக, குஜராத்திலுமே அது தென்பட்டது.