காசினும் பெரிது அது கிடந்த இடம்

(கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இங்கிலாந்து நாட்டில், கதிர் அறுத்து முடிந்த கழனிகளில், விடுமுறை நாள்களின் காலைப்பொழுதில் ஒரு காட்சியைக் காணலாம். முப்பது நாற்பது பேர் கொண்ட குழு ஒன்று, ஆளுக்கொரு நீண்ட கோலைக் கையில் ஏந்தி, குனிந்த தலை நிமிராமல் அடிமேல் அடி வைத்து நடந்துகொண்டிருக்கும். கோலின் அடியில் தட்டுப் போன்றதொரு வளையம், காதுகளில் ஒலிக்குமிழ்கள். வளையத்தை நிலத்துக்குச் சற்று மேலே இடமும் வலமுமாக வீசிக்கொண்டே செல்வர். ஒலி எழுந்தால் நிற்பர்; சிறு மண்வெட்டியால் ஒரு சாண் மண்ணைப் பெயர்ப்பர்; விரல்களால் துழாவுவர்.

கிடைப்பது பெரும்பாலும் வேட்டைத் துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை அடி, அல்லது ஓர் ஈயத்துண்டு, பழஞ்சட்டையின் பொத்தான், குடிகலத்தின் மூடிவளையம். எப்போதோ ஒருமுறை பச்சை படர்ந்த சிறு வட்டம் ஒன்று வெளிப்படும். ஏறத்தாழ 1,600 ஆண்டுகட்கு முன் யாரோ ஒருவர் தவறவிட்ட உரோமச் செப்புக்காசு அது! அதைக் கண்டெடுத்தவர் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சிக்கு அக்காசின் விலை கரணியம் அன்று. அத்தகைய தேய்ந்த காசுகள் மிகச் சிறு தொகைக்கே விலைபோகும். அவ்வளவு நெடுங்காலத்துக்குப் பின் அதனைத் தொடும் முதற்கை தம் கையே என்னும் எண்ணமே அம் மகிழ்ச்சிக்கு வேர்.

அவர்கள் கையிலுள்ள கருவியை உலக வழக்கில் உலோகங்காட்டி என்பர். தூய தமிழில் மாழைகாட்டி எனலாம். அது இயங்கும் முறை எளியது. வளையத்துள் மாறி மாறிப் பாயும் மின்னோட்டம் தன்னைச் சூழ ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அப்புலம் மண்ணுக்குள் இருக்கும் மாழையில் பட்டதும், அம்மாழையில் சிறு சுழல் மின்னோட்டங்கள் தோன்றுகின்றன. அவை உண்டாக்கும் எதிர்ப்புலத்தைக் கருவி உணர்ந்து ஒலியாக மாற்றுகிறது. இரும்பு ஒருவகையாகவும் செம்பும் வெள்ளியும் வேறுவகையாகவும் ஒலிக்கும். ஆயினும் இக்கருவிக்கு ஒன்று தெரியாது. கிடப்பது குப்பையா வரலாறா என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவன் மாந்தன்.

உரோமர் கி.பி. 43-இல் பிரித்தானியத் தீவின்மீது படையெடுத்தனர். ஏறத்தாழ 410-ஆம் ஆண்டில் அவர்தம் ஆட்சி அங்கு முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் சாலை அமைத்தனர், கோட்டை கட்டினர், சந்தை நடத்தினர், காசு புழங்கினர். அவற்றின் எச்சங்களே இன்று ஏர்முனையில் மேலெழுந்து வருகின்றன. மண்ணுக்குள் இருப்பதை எடுப்பது எளிது. எடுக்குமுன் கையை நிறுத்துவதே அரிது! அதற்குச் சான்றாக இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லலாம்.

முதலாவது, 2010-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் சாமர்செட்டு மாவட்டத்தில், புரூம் என்னும் ஊரின் அருகே நிகழ்ந்தது. தனியே தேடிக்கொண்டிருந்த ஒருவர் கருவி ஒலித்த இடத்தைத் தோண்டினார். காசுகள் தென்பட்டன; அவற்றோடு ஒரு பானையின் வாயும் தென்பட்டது. அவர் என்ன செய்தார்? அள்ளிக்கொண்டு ஓடினாரா? இல்லை. தோண்டிய குழியை மூடினார். தொல்லியலார்க்குச் செய்தி சொன்னார். அவர்கள் வந்து, பானையில் இருந்தவற்றை அடுக்கடுக்காக எடுத்தனர். கிடைத்தவை 52,503 காசுகள். எடை ஏறத்தாழ 160 கிலோ!

அடுக்கடுக்காக எடுத்ததன் பயன் பின்னரே விளங்கிற்று. 286-ஆம் ஆண்டில் பிரித்தானியத்தைத் தனியே கைப்பற்றி ஆண்ட கராசியசு என்பவன் காலத்துக் காசுகள் அப் பானையில் இருந்தன. காலத்தால் பிந்திய அவை மேலே இருந்திருக்க வேண்டுமல்லவா? ஆனால், அவற்றுள் பெரும்பகுதி பானையின் நடுப்பகுதிக்குக் கீழே கிடந்தது. அப்படியாயின் அப்பானை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நிரப்பப்பட்ட சேமிப்பு அன்று. ஒரே காலத்தில் கொட்டப்பட்டது. பானையோ மெல்லியது, அவ்வளவு எடையையும் தாங்கித் தூக்கத் தக்கதன்று. முதலில் பானையைக் குழியில் இறக்கி, அதன்பின் காசுகளைப் பலர் கொணர்ந்து கொட்டியிருக்கக் கூடும். அது கடவுளர்க்கு இட்ட படையலாகவும் இருக்கலாம் என்று ஆய்ந்தவர் கருதினர். அந்த ஒருவர் அன்று கூடையில் அள்ளியிருந்தால் காசுகள் கிடைத்திருக்கும். இந்தச் செய்தி கிடைத்திராது.

இரண்டாவது நிகழ்ச்சி, 1992-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சபோக்கு மாவட்டத்து ஆக்சன் என்னும் சிற்றூரில் நடந்தது. குத்தகை உழவர் ஒருவர் தம் சுத்தியலைக் கழனியில் தொலைத்துவிட்டார். அதைத் தேடித் தருமாறு மாழைகாட்டி வைத்திருந்த நண்பரை வேண்டினார். நண்பர் தேடியது சுத்தியல். கிடைத்ததோ பொன்னும் வெள்ளியும்! சிலவற்றை எடுத்ததும் அவர் கையை நிறுத்தினார், உரியவர்க்குத் தெரிவித்தார். மறுநாளே தொல்லியலார் வந்து முறையாக அகழ்ந்தனர். ஏறத்தாழ 15,000 காசுகள், அவற்றுள் 500-க்கு மேற்பட்டவை பொற்காசுகள், அணிகலன்கள், வெள்ளிக் கரண்டிகள். இவை யாவும் ஒரு மரப்பேழையில் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டவை என்பதும், பேழைக்குள் சிறு பெட்டிகளும் அவற்றுக்குப் பூட்டுகளும் இருந்தன என்பதும், உக்கிப்போன மரத்தின் தடங்களாலேயே அறியப்பட்டன. அப்புதையலுக்கு 17,50,000 பவுண்டு மதிப்பிடப்பட்டது. அது இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. தொலைந்த சுத்தியலும் கிடைத்தது. அதுவும் அங்கேயே இருக்கிறது!

இவர்களைப் போல எல்லாரும் இருந்தனரா? இல்லை. சர்ரே மாவட்டத்து வான்பரோவில் உரோமர் காலக் கோயிலிடம் ஒன்று இருந்தது. 1980-களில் அந்த இடம் வெளிப்பட்டதும், இரவோடு இரவாகக் கருவிகளோடு புகுந்தவர்கள் ஆயிரக்கணக்கான காசுகளைத் தோண்டிச் சென்றனர். எந்தக் காசு எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எதனோடு கிடந்தது என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது. இரவு வல்லூறுகள் என்றே அந்நாட்டார் இத்தகையோரை அழைப்பர். அக்கொள்ளை எழுப்பிய சினமே 1996-ஆம் ஆண்டின் புதையற் சட்டம் பிறக்க உதவிற்று.

அச்சட்டப்படி, 300 ஆண்டுகட்கு மேற்பட்ட பொன் வெள்ளிப் பொருள்களும் காசுக் குவியல்களும் புதையல் ஆகும். கண்டெடுத்தவர் 14 நாள்களுக்குள் தெரிவித்தாக வேண்டும். அருங்காட்சியகம் அதனை விரும்பினால், வல்லுநர் குழு மதிப்பிடும் விலை தரப்படும்; அது பெரும்பாலும் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்கு உரியவருக்கும் பாதிப்பாதியாகும். சட்டத்துக்கு உட்படாத சிறு பொருள்களையும் விரும்பிப் பதிவு செய்வதற்காக 1997-இல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. மாவட்டந்தோறும் அதற்கென அலுவலர் அமர்த்தப்பட்டனர். இதுவரை பதிவான பொருள்கள் 15 இலக்கத்துக்கும் மேற்பட்டவை. ஒரு தேய்ந்த காசு தனியே ஒன்றும் சொல்லாது. ஆயிரம் காசுகள் கிடந்த ஆயிரம் இடங்களை நிலப்படத்தில் குறித்தால், மறைந்துபோன ஊரும் தெருவும் சந்தையும் தாமே எழுந்து நிற்கும்.

இதனால்தான் ஒழுங்குள்ள குழுவின் நாள், தேடுதலில் தொடங்குவதில்லை, இசைவில் தொடங்குகிறது. நிலத்துக்கு உரியவரின் இசைவின்றி ஒருவரும் கால் வைப்பதில்லை. அரசு காக்கும் தொல்லிடங்களில் உரிய இசைவின்றிக் கருவியைப் பயன்படுத்துவதே 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உழுது கலைந்த மேல்மண்ணுக்குக் கீழே தோண்டுவதில்லை. எடுத்த ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் இட்டு, கிடந்த இடத்தின் எண்ணை அதன்மேல் எழுதுவர். குழியை மூடுவர், குப்பையையும் தாமே எடுத்துச் செல்வர், வேலிக் கதவைச் சாத்திவிட்டு வெளியேறுவர்.

ஆயினும் சட்டத்திலும் ஓட்டை இருந்தது. 2010-ஆம் ஆண்டு மே திங்களில், கம்பிரியா மாவட்டத்துக் கிராசுபி காரெட்டு என்னும் ஊரருகே, முகமூடியோடு கூடிய உரோமக் குதிரைமறவன் தலைக்காப்பு ஒன்று துண்டு துண்டாகக் கிடைத்தது. அது வெண்கலம், பொன்னும் அன்று, வெள்ளியும் அன்று, தனிப்பொருள். ஆதலால் சட்டத்தின் கண்ணுக்கு அது புதையலாகத் தெரியவில்லை! தொல்லியலார் முழுமையாக ஆய்வதற்கு முன்பே துண்டுகள் ஒட்டப்பட்டன. அதே ஆண்டு அக்தோபரில் இலண்டன் ஏலத்தில் ஏறத்தாழ 23 இலக்கம் பவுண்டுக்கு அது விலைபோயிற்று. மக்களிடம் பணம் திரட்டி நின்ற உள்ளூர் அருங்காட்சியகம் தோற்றது. பெயர் வெளியிடாத ஒருவர் வென்றார். பின்னர் அது சில காலம் காட்சிக்கு வைக்கப்பட்டதெனினும் உடைமை தனியாரதே. மாழையின் விலையை வைத்து வரலாற்றை அளந்ததால் வந்த இழப்பு இது. 2023-இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. 200 ஆண்டுகட்கு மேற்பட்ட மாழைப் பொருள் எதுவாயினும், வரலாற்றுச் சிறப்புடையதாயின் அது புதையலே என்று அன்று முதல் வகுக்கப்பட்டது.

சட்டம் இருந்தும் மறைத்தவர்களும் உண்டு. 2015-இல் எரிபோர்டுசயர் மாவட்டத்தில் இருவர் ஒரு பெரும்புதையலைக் கண்டும் தெரிவிக்காமல் பிரித்து விற்றனர். அது உரோமர்க்குப் பிற்பட்டது, 9-ஆம் நூற்றாண்டினது. அதில் 300 காசுகள்வரை இருந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. வழக்கு உசாவலின்போது மீட்கப்பட்டிருந்தவை 31 மட்டுமே. 2019-இல் ஒருவருக்கு 10 ஆண்டும் மற்றவருக்கு எட்டரை ஆண்டும் சிறை விதிக்கப்பட்டன; மேல்முறையீட்டில் அவை குறைக்கப்பட்டன. நேர்மையாகத் தெரிவித்திருந்தால் அவர்களுக்கே பெரும்பொருள் கிடைத்திருக்கும். அவா அறிவை மறைத்தது. அறிவு மறைந்ததும் பொருளும் போயிற்று, உரிமையும் போயிற்று.

இன்னொரு பக்கமும் உண்டு. பொதுமக்கள் கையில் இக்கருவியே கூடாது என்னும் தொல்லியலாரும் உளர். நூற்றுக்கணக்கானோர் ஒரே நாளில் ஒரே நிலத்தில் இறங்கினால் பதிவதற்கு முன்பே பொருள்கள் கலைந்துவிடும் என்பது அவர்கள் வாதம். ஏரும் உரமும் நாள்தோறும் அவற்றை அரித்துக்கொண்டிருக்க, எடுத்துப் பதிவதே காப்பு என்பது மற்றவர் வாதம். இரு திறத்தாரும் ஒன்றில் மட்டும் உடன்படுகின்றனர்: இடம் குறிக்கப்படாத பொருள், நா அறுக்கப்பட்ட சான்று.

ஆங்கில நாட்டுக் கழனியைப் பற்றித் தமிழன் ஏன் கேட்க வேண்டும் என்னும் வினா எழலாம். ஆக்சன் புதையலில் நான்கு வெள்ளிச் சிமிழ்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று அரச குடிப் பெண்ணின் வடிவில் அமைந்தது. அடியில் உள்ள தட்டைத் திருகினால் ஒருநிலையில் மூடும், ஒருநிலையில் தூவும், ஒருநிலையில் நிரப்பத் திறக்கும். அவை எதற்கான சிமிழ்கள்? மிளகுக்கு! உரோமரின் மிளகு விளைந்த மலை எது? சேரநாட்டு மலை! பிரித்தானியத்தின் வட எல்லையில் உள்ள விந்தோலாந்தாக் கோட்டையில் கிடைத்த மரப்பலகை ஏடொன்றிலும் மிளகு வாங்கிய கணக்கு இருக்கிறது. முசிறித் துறையில் கப்பலேறிய மிளகுக்கு ஈடாக உரோமப் பொன் இங்கு வந்தது. புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசன் தலைமேல் உளியால் வெட்டிய தழும்பு இருந்தது. அவற்றுள் பல பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கே சென்றுவிட்டன. மிளகு போன இடத்தில் சிமிழும், பொன் வந்த இடத்தில் காசும் கிடைத்ததால் அன்றோ இவ்வாணிகத்தின் இருமுனைகளும் இன்று தெரிகின்றன?

கரூர் அமராவதி ஆற்று மணலில் உரோமக் காசுகள் கிடைத்து வந்துள்ளன. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதும், கிணறு வெட்டும்போதும், உழும்போதும் கொங்கு நாட்டில் குடங்குடமாகக் காசுகள் வெளிப்பட்டதுண்டு. அவற்றுள் உருக்கப்பட்டவை எத்தனையோ; இடம் சொல்லாமல் விற்கப்பட்டவை எத்தனையோ. மண்ணுள் கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதைபொருளை மாவட்ட ஆட்சித்தலைவர்க்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதை அறிந்த உழவர் எத்தனை பேர்? அறிந்தும் அஞ்சி மறைப்போர் எத்தனை பேர்? அச்சத்தைப் போக்குவதும் அறிவைப் பரப்புவதும் எவர் கடன்?

கீழடியை எண்ணிப் பார்க்க வேண்டும். 353 செ.மீ. ஆழத்தில் எடுக்கப்பட்ட கரிமக் கூறு கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று 2019-இல் தமிழக அரசின் தொல்லியல் துறை வெளியிட்டது. அந்தக் கூற்றின் வலிமை எதில் இருக்கிறது? அந்த ஆழத்தில் இருக்கிறது! அதே கரித்துண்டை எவனோ ஒருவன் தோண்டி எடுத்துத் தெருவில் எறிந்திருந்தால் அது வெறுங்கரி. தமிழரின் தொன்மையைப் பேசுவோர்க்குப் பெருமிதம் மட்டும் போதாது; சான்று வேண்டும். சான்றோ மண்ணில் இருக்கிறது; மண்ணில் அது கிடக்கும் இடத்தில் இருக்கிறது.

ஆதலால் ஒன்றே ஒன்றைத் தமிழிளைஞர் மனத்தில் நிறுத்துவாராக. ஏர்முனையில் ஓர் ஓடு தட்டுப்பட்டால், மண்வெட்டியில் ஒரு காசு மின்னினால், கை நிற்கட்டும். இடம் குறிக்கப்படட்டும், உரியவர்க்குச் செய்தி செல்லட்டும். புரூம் ஊரருகே குழியை மூடிவிட்டு நடந்த அந்த ஒருவர் பெரும்புலவர் அல்லர். பட்டம் பெற்ற தொல்லியலாரும் அல்லர். கையை நிறுத்தத் தெரிந்தவர், அவ்வளவே. தம் நாட்டு வரலாற்றுக்கு அவர் செய்த தொண்டு அதனாலேயே பெரிதாயிற்று. அத்தொண்டு தமிழ்மண்ணில் ஒவ்வோர் உழவருக்கும், ஒவ்வொரு கூலியாளருக்கும், ஒவ்வொரு மாணவருக்கும் கைகூடுவதே.