எள்ளலும் நேருவும்



எள்ளி நகைக்கப்படுங்கால் அறிவுடையோர் செய்வது யாது? இத்தலைநகரிலேயே ஒரு சான்றுண்டு. 1948-ஆம் ஆண்டு சங்கர் தம் கேலிச்சித்திர வார இதழைத் தொடங்கியபோது, பிரதமர் நேரு தம்மையும் விட்டுவைக்க வேண்டாமென்று அவரைக் கேட்டுக்கொண்டார். சங்கரும் விட்டுவைக்கவில்லை. 1964 மே மாதம், நேரு மறைவதற்குச் சில நாட்களே இருக்க, மெலிந்து தளர்ந்து, கையில் தீவட்டியுடன் ஓடுபவராக அவரை வரைந்தார். (நம் சங்க நாடகங்களில் கேலிக்காளாகும் செயலாளர்கள் கவனிக்க!)

இதனைப் பெருந்தன்மை என்று மட்டும் கூற நான் ஒருப்படேன். சாதுரியமும் இதில் உண்டு. அடியை வலியக் கேட்பவர்முன் ஓங்கிய கை சற்றே தளருமன்றோ? உடன் நகைத்தவர் தம் குறையைத் திருத்தினாரா என்று எவரும் வினவுவதில்லை. எனினும், அவசர நிலை வந்த 1975-இல் அவ்விதழ் நின்றுபோனதை எண்ணுங்கால், அந்தச் சாதுரியத்தையும் ஏக்கத்தோடுதான் நினைக்கின்றேன்.